சத்துணவு மையத்துக்கு எங்கள் ஊர் விவசாயிகளிடமே காய்கறி வாங்க என்ன வழி?

மேட்டுக்காடு:

அனைவருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் சார்பில் உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் தோட்டம் உண்டு. தக்காளியும் முருங்கையும்தான் முக்கிய வெள்ளாமை.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை என் மாமனார் பதினெட்டுப் பெட்டி தக்காளியை மார்க்கெட்டுக்கு அனுப்பினார். கமிஷன், வண்டி வாடகை, பறிகூலி எல்லாம் போக அன்று கையில் நின்றது ஒன்றுமில்லை. அதே நாள் பள்ளியில் தக்காளி சாதம். சமையல் கூடத்துக்குள் சென்றபோது, அமைப்பாளர் நகரத்துக் கடையில் வாங்கி வந்திருந்த தக்காளிப் பையைச் சமையலர் தரையில் கொட்டிக்கொண்டிருந்தார். மேலே இருந்தவை பரவாயில்லை. அடியில் கிடந்தவை நசுங்கி நீர் விட்டிருந்தன, ஏறக்குறைய கால் பங்கு கழிவாகவே ஒதுங்கியது. அந்தக் கடைக்காரரும் எங்கள் ஊர்க்காரர்கள் சரக்கு போடும் அதே மார்க்கெட்டில்தான் வாங்குகிறார். எங்கள் ஊரில் விளைந்தது போகவர நாற்பது கிலோமீட்டர் சுற்றி, இரண்டு கை மாறி, எங்கள் பிள்ளைகளின் தட்டுக்கே நசுங்கி வந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

காய்கறியை விவசாயிகளிடம் நேரடியாக வாங்க விதி இடம் தருகிறதா, அச்சிட்ட பில் இல்லாதவரிடம் வாங்கினால் தணிக்கையில் சிக்கல் வருமா, விலையை யார் எப்படி முடிவு செய்வது என்பவை என் கேள்விகள். எங்கள் அமைப்பாளர் நல்லவர். அவருக்குக் கெட்ட பெயர் வராத வழியாக இருக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் அடுத்த குழுக் கூட்டத்தில் வைப்பேன்.

கொத்தவரை:

வணக்கம் சகோதரி. நான் 27 ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், சமையல் கூடத்துக்குள் வரும் பொருள்களில் எதை நீங்கள் மாற்ற முடியும், எதைத் தொட முடியாது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு ஆகியவை தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வழியாக மையத்துக்கு வந்துவிடும். முட்டை மாநில அளவிலான ஒப்பந்தப்புள்ளியில் முடிவாவது. உங்கள் ஊரில் ஆயிரம் கோழி வளர்ப்பவர் இருந்தாலும் அதில் இடமில்லை. மிஞ்சுவது காய்கறி, தாளிதப் பொருள்கள், எரிபொருள். இவற்றுக்கு ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று தொகை வரும், அமைப்பாளர்தான் வாங்குவார். காய்கறியை நகரத்துக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று எந்த அதிகாரியும் என்னிடம் சொன்னதில்லை. கடையில் வாங்குவது பழக்கமே தவிர விதியன்று.

முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கிறோம் அல்லவா? அதை நான் கடைசி ஒன்பது ஆண்டுகளும் ஊரிலிருந்த ஒரு வாழைத்தோட்டக்காரரிடமே வாங்கினேன். ஒவ்வொரு முறையும் தேதி, பொருள், எடை, விலை, மொத்தத் தொகை ஆகியவற்றைக் கைப்பட எழுதி, அவரிடம் கையொப்பம் பெற்று, உழவர் சந்தையில் அவருக்குக் கொடுத்திருந்த அடையாள அட்டையின் நகலை ஆண்டுக்கொரு முறை கோப்பில் சேர்த்து வைத்தேன். தணிக்கைக்கு வந்தவர்கள் அந்தப் பற்றுச்சீட்டுகளை ஒருமுறைகூட ஏற்க மறுத்ததில்லை. காய்கறியும் பழமும் பதப்படுத்தாமல் விற்கும்போது ஜிஎஸ்டி கிடையாது. தன் நிலத்தில் விளைந்ததை அப்படியே கொடுக்கும் விவசாயி உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் உரிமம் எடுக்க வேண்டியதும் இல்லை. ஆகவே பில் பற்றிய அச்சம் தேவையில்லை, பதிவேடு மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. கடைக்காரர் ஏன் விரும்பப்படுகிறார் தெரியுமா? அவர் கடன் கொடுப்பார். நான் பணியாற்றிய இடத்தில் தொகை இரண்டு மாதம் பிந்தி வந்த காலங்கள் உண்டு. அப்போதெல்லாம் கடைக்காரரின் நோட்டில் எழுதி வாங்கித்தான் அடுப்பை எரியவிட்டோம். வாரக் கூலி கொடுக்க வேண்டிய சிறு விவசாயியால் இரண்டு மாதம் பொறுக்க முடியாது. பில்லைவிட, விலையைவிட, இதற்குத்தான் நீங்கள் முதலில் விடை தேட வேண்டும்.

நாற்றங்கால்:

கொத்தவரை அம்மா சொன்ன பணத் தாமதம் ஒரு பக்கம் இருக்கட்டும். விவசாயிகள் பக்கத்துக் கணக்கை நான் சொல்கிறேன். கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் அமைந்த ஓர் உழவர் உற்பத்தியாளர் குழுவில் நான் பொறுப்பில் இருக்கிறேன். இருபது பேர் கொண்ட ஆர்வலர் குழுக்கள் ஐந்து சேர்ந்து நூறு பேராக இயங்குகிறோம்.

மத்திய அரசின் மதிய உணவுத் திட்டமான பிரதமரின் போஷண் திட்ட அளவுப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி, ஆறு முதல் எட்டு வரை 75 கிராம். உங்கள் பள்ளியில் தொடக்க நிலையில் 70 பேரும் மேல் வகுப்புகளில் 48 பேரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது மூன்றரை கிலோ, இரண்டாவது 3 கிலோ 600 கிராம். சேர்த்தால் ஏழு கிலோவுக்குச் சற்று மேல். இந்த ஏழு கிலோவும் ஒரே காய் அன்று. இரண்டு கிலோ கத்தரி, ஒன்றரை கிலோ கேரட், ஒரு கிலோ தக்காளி என்று பிரியும். எங்கள் குழுவில் ஒருவர் பத்து சென்ட்டில் வெண்டை போட்டிருக்கிறார். நல்ல பருவத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாலும் அவருக்குப் பதினைந்து கிலோவுக்குக் குறைவதில்லை. இரண்டு கிலோ வெண்டைக்காக அவர் காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தால் பெட்ரோலுக்கே சரியாகிவிடும். ஒரு பள்ளி ஒரு விவசாயிக்குச் சந்தை ஆகாது என்பதைத்தான் பலரும் முதலில் கவனிப்பதில்லை.

அதே அளவுள்ள பன்னிரண்டு பள்ளிகளைச் சேர்த்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 85 கிலோ, வாரத்துக்கு 425 கிலோ. இதற்கு ஒரு சிறு வண்டி ஓடும், ஏழெட்டு விவசாயிகள் நம்பிப் பயிர் வைக்கலாம். அவ்வளவு பள்ளிகளை உடனே சேர்க்க முடியாவிட்டால் காலை உணவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். காலை உணவிலும் சாம்பார் உண்டு, அதற்கும் காய் வேண்டும். அந்தத் திட்டத்துக்காக 2022-இல் வந்த அரசாணையே உள்ளூரில் விளையும் காய்கறிகளைச் சொல்கிறது, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் அந்தந்த இடங்களில் விளையும் சிறுதானியச் சிற்றுண்டி என்றும் சொல்கிறது. காலையில் மகளிர் சுய உதவிக் குழுவும் மதியம் அமைப்பாளரும் தனித்தனியாக வாங்குவதைவிட, இருவரும் ஒரே நாளில் ஒரே பட்டியலைத் தந்தால் அளவு கூடும்.

அடுத்தது பருவம். வெண்டை விதைத்து 45 நாளில் பறிப்புக்கு வந்துவிடும், கத்தரிக்கு நாற்று விட்டதிலிருந்து மூன்று மாதம் வேண்டும், கீரை 25 நாளில் கைக்கு வரும். ஆனி மாதம் உங்கள் பிள்ளைகளுக்குக் கத்தரிக்காய் வேண்டுமானால் பங்குனியிலேயே எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், தேவைப்படும் நாளில் தொலைபேசியில் கூப்பிட்டால், இருப்பவர் கொடுப்பார், இல்லாதவர் கையை விரிப்பார். மறுநாளே அமைப்பாளர் கடைக்குத் திரும்பிவிடுவார். கோடை விடுமுறையையும் மறக்கக் கூடாது. உங்கள் பகுதியில் முருங்கைக்காய் குவிந்து விலை சரிகிற நாள்களில் பெரும்பகுதி பள்ளி மூடியிருக்கும். ஆகவே முருங்கைக்காய் விவசாயியை இந்த வழியில் காப்பாற்றிவிடலாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். முருங்கைக்கீரை ஆண்டு முழுவதும் கிடைக்கும், கீரை சாதத்துக்கும் சாம்பாருக்கும் அதைத் திட்டமிடலாம்.

விலைக்கு எங்களுக்குத் தெரிந்த நியாயமான அளவுகோல் உழவர் சந்தை விலைப் பலகை. 1999-இல் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை தொடங்கிய காலத்திலிருந்தே மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகவும் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் விலை வைப்பதுதான் அங்குள்ள முறை. விவசாயிக்கு மார்க்கெட்டைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், மையத்துக்குக் கடையைவிடக் குறைவாக முடியும். தினமும் மாற்றினால் கணக்கு குழம்பும். திங்கட்கிழமைப் பலகை விலையை அந்த வாரம் முழுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்பலகை:

நான் ஆசிரியர். பிள்ளைகள் சாப்பிடும் முன் உணவைச் சுவைத்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதும் பொறுப்பு எங்களுக்கு உண்டு. ஆகவே இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. உள்ளூர்க் காய் என்றால் நல்ல காய் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். கறிவேப்பிலைக்கும் வெண்டைக்கும் காலிஃபிளவருக்கும் எங்கள் ஊரில் எவ்வளவு மருந்து அடிக்கிறார்கள் என்பதைத் தினமும் பார்க்கிறேன். மருந்தடித்த மறுநாள் பறித்ததைப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் சுவைத்துப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியுமா?

2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. அந்த மருந்தைக் காய்கறிப் பயிரில் பயன்படுத்தவே நம் நாட்டில் தடை உண்டு. அங்கே நடந்தது காய்கறியால் அன்று. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து சமையல் கூடத்துக்குள் வரும் எந்தப் பொருளையும், எங்கே எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று கேட்காமல் நான் விடுவதில்லை. மருந்து வாங்கிய காலி டப்பாவில் எண்ணெயோ தயிரோ ஊற்றி வைக்கும் பழக்கம் தோட்டத்து வீடுகளில் இன்னும் இருக்கிறது. உள்ளூர்க் கொள்முதல் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. மருந்துக்கு என்ன ஏற்பாடு என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

நாற்றங்கால்:

ஆசிரியர் ஐயா கேட்டது சரியான கேள்வி. கடையில் வாங்கும் காய்க்கும் இதே கேள்வி உண்டு, அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை என்பதுதான் வேறுபாடு. நாங்கள் கடைப்பிடிப்பது எளிய முறை. ஒவ்வொரு மருந்து டப்பாவின் சீட்டிலும், அடித்த பின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்ய வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். பள்ளிக்குக் கொடுக்கும் பாத்தியைத் தனியாக ஒதுக்கி, ஒரு பள்ளிக்கூட நோட்டில் என்ன மருந்து, எந்தத் தேதி என்று எழுதச் சொல்கிறோம். அந்த நாள் கணக்கு முடியாதவரை அந்தப் பாத்திக் காய் மார்க்கெட்டுக்கும் போகக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. தொடக்கத்தில் முணுமுணுத்தவர்கள் உண்டு. கீரையையும் கறிவேப்பிலையையும் மருந்தே அடிக்காதவர்களிடம் மட்டும் வாங்குங்கள். வீட்டுக் கொல்லையில் வளர்ப்பவர்களிடமே உங்கள் தேவைக்குப் போதுமான அளவு கிடைக்கும்.

அளவுகோல்:

உணவியல் படித்து, பள்ளி உணவுத் திட்டங்களைப் பற்றி ஆய்வு செய்து வருகிறேன். இங்கே பேசப்படும் மூன்று சிக்கல்களையும், அதாவது அளவு, விலை, முன்கூட்டிச் சொல்வது ஆகியவற்றை, சட்டத்தின் வழியாகவே எதிர்கொண்ட நாடு பிரேசில் என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

அங்கே 2009-இல் இயற்றப்பட்ட 11,947-ஆம் எண் சட்டம், பள்ளி உணவுக்காக மத்திய அரசு அனுப்பும் தொகையில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் வாங்கவே செலவிட வேண்டும் என்று விதித்தது. அவர்களிடம் வாங்கும்போது ஒப்பந்தப்புள்ளி வேண்டியதில்லை. அதற்குப் பதிலாகப் பொது அழைப்பு என்ற முறை. எந்தெந்தப் பொருள், எவ்வளவு, எந்தெந்த மாதத்தில், என்ன விலைக்கு என்பதைச் சந்தை விலைகளை விசாரித்துச் சராசரி எடுத்து முதலிலேயே அறிவித்துவிடுவார்கள். யார் குறைத்துக் கேட்கிறார் என்ற போட்டி இல்லை. அதே நகராட்சி எல்லைக்குள் இருப்பவருக்கு முன்னுரிமை, பழங்குடியினருக்கும் நிலச் சீர்திருத்தத்தில் நிலம் பெற்றவர்களுக்கும் முன்னுரிமை. ஒரே குடும்பம் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளாதபடி ஆண்டுக்கு இவ்வளவுதான் விற்கலாம் என்ற உச்சவரம்பும் உண்டு; 2021-இல் அதை 40,000 ரெயாலாக (ரெயால் அந்நாட்டு நாணயம்) உயர்த்தினார்கள். உணவுப் பட்டியலைத் தயாரிக்கும் உணவியலாளர் அந்தப் பகுதியில் எது எப்போது விளைகிறது என்பதைப் பார்த்துத்தான் பட்டியல் போட வேண்டும்.

நமக்கு அப்படியொரு சட்டம் இல்லை, வேண்டும் என்பது என் விருப்பம். காமராசர் காலத்து மதிய உணவையும் 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவையும் பார்த்து மற்ற மாநிலங்கள் கற்றுக்கொண்டன. தட்டில் என்ன இருக்கிறது என்பதில் முன்னோடியாக இருந்த நாம், அது யாருடைய வயலில் இருந்து வருகிறது என்பதிலும் முன்னோடியாக இருக்க முடியும். ஆயினும் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மேலாண்மைக் குழுவே ஒரு தாளில் பொது அழைப்பை எழுதிப் பள்ளிச் சுவரிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டலாம். வேண்டியவருக்கு மட்டும் கொடுத்தார்கள் என்ற பேச்சுக்கும் அதனால் இடமிருக்காது.

கொத்தவரை:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பணியிடங்கள் நிரப்பப்படாமல், ஒரே அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களைப் பார்த்துக்கொள்ளும் நிலை பல ஒன்றியங்களில் இருக்கிறது. ஏழு விவசாயிகளிடம் ஏழு எடை, ஏழு சீட்டு என்று அவர் தலையில் ஏற்றினால் ஒரு மாதத்தில் ஓய்ந்துபோவார். விவசாயிகள் தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாக்கி, ஒரே எடை, வாரத்துக்கு ஒரே சீட்டு என்று கொண்டுவர வேண்டும். தொகை பிந்தும் நாள்களுக்காக ஒரு சிறு சுழல்நிதியும் வேண்டும். நாற்றங்கால் ஐயாவின் குழுவைப் போன்ற குழுக்களுக்கு அரசு கொடுத்த ஐந்து லட்சம் தொகுப்பு நிதி இருக்கிறது. அதிலிருந்து விவசாயிக்கு உடனே கொடுத்துவிட்டு, மையத்திலிருந்து வரும்போது எடுத்துக்கொள்ள அந்தக் குழு தீர்மானம் போட முடியுமா என்று கேளுங்கள்.

மேட்டுக்காடு:

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

குழுக் கூட்டத்தில் நீங்கள் சொன்னவற்றைப் படித்துக் காட்டினேன். பன்னிரண்டு பள்ளிகள் எங்களால் ஆகவில்லை. எங்கள் பள்ளியும் பக்கத்து இரண்டு தொடக்கப் பள்ளிகளும் சேர்ந்தன, காலை உணவு சமைக்கும் மகளிர் குழுவினரும் அதே பட்டியலில் வாங்க ஒப்புக்கொண்டார்கள். அழைப்பைச் சுவரில் ஒட்டியபோது ஒன்பது பேர் வந்தார்கள். மருந்துக் கணக்கு எழுத வேண்டும் என்றதும் மூவர் விலகிக்கொண்டார்கள். மீதி ஆறு பேரில் நால்வர் பெண்கள். அவர்களில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஏழாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் நோட்டை எழுதிக் கொடுக்கிறாள்.

பக்கத்து ஊர் உற்பத்தியாளர் குழு, மூன்று வாரத் தொகையை முன்பணமாகத் தாங்கிக்கொள்ளத் தீர்மானம் போட்டிருக்கிறது. அதற்கு மேல் பிந்தினால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம்.

முதல் திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு மூன்று கூடைகள் வந்தன. சமையலர் அம்மா ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தார், படக்கென்று ஒடிந்தது. பரங்கிக்காயில் காம்பின் பால் இன்னும் காயவில்லை. அன்று கழிவாக ஒதுக்கியதை எடை போடச் சொன்னேன்: ஏழு கிலோவில் முந்நூறு கிராம், அதுவும் காம்பும் தோலும்தான். மூன்றாவது வாரம் மழையால் பறிப்பு நின்று, இரண்டு நாள் கடையில்தான் வாங்க நேர்ந்தது. அதனால் அழைப்பில் இனி மழைக்காலத்துக்கென்று சேனை, பரங்கி, வாழைக்காய் போன்ற சில நாள் தாங்கும் காய்களைத் தனியாகச் சேர்க்கப் போகிறோம்.

தக்காளிக்கு எங்கள் மாமனாரும் பெயர் கொடுத்திருக்கிறார். குழுவில் நான் இருப்பதால் அவருடைய சரக்கை வாங்குவது முறையாகுமா என்று கூட்டத்தில் நானே கேட்டேன். விலை முடிவு செய்யும் நாளில் நான் வெளியே இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். பங்குனிக் கத்தரி நாற்றுக்கான பட்டியலை இப்போதே போட வேண்டியிருப்பதால், கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கும் வாரத்தில் எவ்வளவு கத்தரி கேட்கலாம் என்று நாற்றங்கால் ஐயா ஒரு கணக்குச் சொன்னால் உதவியாக இருக்கும். மூன்று பள்ளிகளிலும் சேர்த்து 196 பிள்ளைகள், அவர்களில் 48 பேர் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள்.